ருசி பார்ப்பது சாப்பாடாகாது

தங்கைக்குக் கொடுக்கக் கரண்டியாரிடம் இருந்தது அந்தக் கல்லீரல் ஒன்றுதான். அதிலும் கொழுப்பு ஏறிக் கிடக்கிறது, இப்போதைக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

கரண்டியார் என்பது ஆலைச் சமையற்கூடத்தில் அவருக்கு விழுந்த பெயர். கேலிக்கு வைத்தது, வருடக்கணக்கில் புழங்கிப் புழங்கி மரியாதையாகிவிட்டது. மூன்று ஷிப்ட் வேலைக்காரர்களும் அவர் கைச் சோற்றைத்தான் தின்றார்கள். ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற அண்டாக்கள் வரிசையாக அடுப்பில் நிற்கும். அவர் துடுப்பைப் போட்டுக் கிண்டுவதைப் பார்த்தால் படகு ஓட்டுகிறாரோ என்று தோன்றும். உடம்பும் அதற்கேற்ற உடம்பு. தொப்பை அவருக்கு முன்னால் போய்க் கதவைத் திறக்கும் என்று காய் நறுக்கும் கத்தி அக்கா சொல்வாள்.

தங்கைக்கு வந்தது வேறு வகை நோய். அவள் உடம்பே அவள் கல்லீரலைப் பகையாளியாக நினைத்துத் தின்றுகொண்டிருந்ததாம். கண் மஞ்சளாகி, வயிறு தண்ணீர் கோத்து முன்னால் வந்து, கையும் காலும் குச்சியாகிவிட்டன. இனி மருந்துக்கு அடங்காது, வேறு ஆளின் கல்லீரலில் ஒரு துண்டு வெட்டி வைத்தால்தான் பிழைப்பாள் என்று முடிவாகிவிட்டது. அவள் புருஷன் பஸ் ஓட்டுகிறவர், முதல் ஆளாகக் கையை நீட்டினார். இரத்தம் ஒத்துப்போகவில்லை. மகள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. மிச்சம் இருந்தது அண்ணன்தான். இரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாம் பொருந்தியது. ஸ்கேன் எடுத்த இடத்தில்தான் கதை நின்றுபோனது.

“நான் குடிக்கறதே இல்லையேம்மா,” என்றார் கரண்டியார். யாரோ அவரைத் திருடன் என்று சொல்லிவிட்டதுபோல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“குடிக்காதவங்களுக்கும் வரும். மாவு, சக்கரை, எண்ணெய், தேவைக்கு மேல சோறு. எல்லாம் அங்கதான் போய் உக்காருது. கொழுப்போட வெட்டி வச்சா அங்கயும் வேலை செய்யாது, உங்ககிட்ட மிச்சம் இருக்கறதும் தாங்காது. ஒரு உசிரக் காப்பாத்தப் போய் ரெண்டு உசிரு போயிடும்.”

“ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க, முழுங்கிடறேன்.”

“உங்களுக்கு உங்க வாயும் காலும்தான் மருந்து.”

பிறகு டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சர்க்கரையை விட வேண்டும், பொரித்ததை விட வேண்டும், ரொட்டியும் சோறும் கைப்பிடிக்கு மேல் கூடாது. காய், கீரை, பருப்பு, அவித்த முட்டை, மீன் இவற்றால் வயிற்றை நிரப்ப வேண்டும். பட்டினி கிடக்கவும் கூடாது, கிடந்தால் கல்லீரல் இன்னும் கெடும். தினமும் வியர்க்க நடக்க வேண்டும். நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறேனே என்று கரண்டியார் சொன்னதற்கு, நிற்பது நடப்பதாகாது என்றார். எவ்வளவு வேகம் என்று கேட்டதற்கு, பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் என்றார்.

“எனக்கு எப்பவுமே பாட வராதேம்மா,” என்றார் கரண்டியார். டாக்டரம்மா சிரித்தார். சிரித்து முடித்ததும், உங்கள் தங்கைக்கு நிறைய நாள் இல்லை, சீக்கிரம் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னபோது அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

தங்கை இதைக் கேட்டு, படுக்கையில் கிடந்தபடியே அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

“என் பங்கை ஒழுங்கா வச்சிருன்னு சொல்லாம விட்டுட்டேன். என் தப்புதான்.”

அன்றிலிருந்து வீட்டில் ஆட்சி மனைவி கைக்குப் போயிற்று. அவள் சலவைக்கூடத்தில் விரிப்புகள் மடிக்கிறவள். எதையும் ஓரம் பார்த்து, மூலை பார்த்து மடித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். புருஷனையும் அப்படித்தான் மடிக்க ஆரம்பித்தாள். சர்க்கரை டப்பா பக்கத்து வீட்டுக்குப் போனது. எண்ணெய்ப் பாட்டில் இருந்த இடத்தில் மருந்துப் பாட்டில் அளவுக்கு ஒரு குப்பி வந்தது. தட்டில் பாதிக்குக் காய், கால்வாசிக்குப் பருப்பு, ஓரத்தில் விருந்தாளிபோலக் கூச்சப்பட்டுக்கொண்டு கொஞ்சம் சோறு. ஊருக்கே சமைத்துப் போடுகிறவர் தன் வீட்டுத் தட்டைப் பார்த்து, மாடு பார்த்தால் சந்தோஷப்படும் என்றார். அவர் தின்கிறதையே அவளும் தின்றாள். எனக்கு எதற்கு இது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

சாயங்காலம் இருவரும் பஸ் பணிமனையின் நீளமான சுவரை ஒட்டி நடப்பார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். சுவர் முடிகிற இடத்தில் முடிதிருத்தும் கடை. கடைக்காரர் கத்தரிக்கோலைக் காற்றில் நிறுத்திக்கொண்டு, “என்ன அண்ணே, சண்டை போட்டுட்டு ஓடறீங்களா, சமாதானம் ஆயி ஓடறீங்களா?” என்பார். கரண்டியார் பதில் சொல்ல வாயைத் திறப்பார், மூச்சுதான் வரும். பாட முடியாத வேகம் என்ன, பேச முடியாத வேகம்கூட வந்துவிட்டது என்று அவருக்குள் ஒரு நிம்மதி. முட்டி வலித்தது, பாதம் கொப்பளித்தது. பகலெல்லாம் அடுப்புச் சூட்டில் நின்ற கால், மாலையில் என்னை ஏன் வதைக்கிறாய் என்று கேட்டது. அவர் அதற்குக் காது கொடுக்கவில்லை. தங்கை முகத்தை நினைத்துக்கொண்டு அடுத்த அடி வைப்பார்.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பார்களே, அப்படித்தான் இருந்தார். ஆலையில்கூட வீட்டிலிருந்து கொண்டுபோன அவித்த காயைத்தான் கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்தபிறகு உட்கார்ந்து தின்றார். சமையற்கூடத்தில் அது பழைய சட்டம். தின்ன வந்தவன் எழுந்திருக்கும்வரை சமைத்தவன் உட்காரக் கூடாது. பகல் முழுக்க ஒரு பருக்கை வாயில் போடாமல் சமைக்கிறேன் என்று அவர் நெஞ்சில் கைவைத்துச் சொல்வார். மனதறிந்து சொன்ன உண்மை அது.

ஒன்றரை மாதம் கழித்து அடுத்த ஸ்கேனுக்கு அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மனைவியும் வந்தாள், தங்கையின் புருஷனும் வேலை உடுப்போடு வந்து நின்றார்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். பழைய படத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

குறையவில்லை. ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை.

வெளியே எங்காவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். குழந்தையைக் கேட்கிறதுபோலக் கேட்டார். இல்லை என்றார் கரண்டியார். ஒளித்து ஏதாவது? இல்லை. மனைவி குறுக்கே விழுந்து, என் கையால் நான் அளந்து போடுகிறேன் அம்மா, அவர் பொய் சொல்ல மாட்டார் என்றாள். சிலருக்கு மெதுவாகத்தான் இறங்கும், பார்ப்போம், ஆனால் அங்கே காத்திருக்க நேரம் இல்லையே என்றார் டாக்டரம்மா.

நடைக்கூடத்தில் தங்கையின் புருஷன் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். எதையும் சட்டென்று பேசுகிற ஆள் இல்லை. பஸ்ஸில் மணி அடித்தாலும் ஒரு கணம் யோசித்துத்தான் நிறுத்துவார் என்று தங்கை கிண்டல் செய்வாள்.

“மச்சான்,” என்றார். “மனசு இல்லன்னா சொல்லிடுங்க. நாங்க தப்பா நினைக்க மாட்டோம். உங்க உடம்பு, உங்க குடும்பம். வேற வழி பாக்கறதுக்கு எங்களுக்கு நாள் வேணும், அதுக்குத்தான் கேக்கறேன்.”

கன்னத்தில் அறைந்திருந்தால் திருப்பி அறையலாம், இல்லை அழலாம். இதற்கு என்ன செய்வது? கரண்டியார் தலையை ஆட்டினார். அதைத் தங்கையின் புருஷன் எப்படி எடுத்துக்கொண்டாரோ, தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மனைவி அங்கே விட்டுக்கொடுக்காமல் பேசிவிட்டாளே தவிர, வழியெல்லாம் அவளுக்கும் ஒரு முள் குத்திக்கொண்டே வந்தது. மடித்த விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை.

மறுநாள் அவள் பாதி வேலையில் சொல்லிக்கொண்டு ஆலைக்குப் போனாள். காலையில் சாப்பாட்டு டப்பாவை வேண்டுமென்றே அவர் பையில் வைக்காமல் விட்டிருந்தாள். அதைக் கொடுக்க வந்ததாகச் சாக்கு. சமையற்கூடத்தில் சுறுசுறுப்பான நேரம் அது. கத்தி அக்கா அவளை வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, கொஞ்சம் இரு, இந்த நேரத்தில் அவர் காதில் இடி விழுந்தாலும் கேட்காது என்றாள். அங்கிருந்து அடுப்பு வரிசை நேராகத் தெரிந்தது. பெண்டாட்டி பார்ப்பது அவருக்குத் தெரியாது.

முதல் அண்டாவில் இறைச்சிக் குழம்பு கொதித்தது. வெந்ததற்கு அடையாளமே எண்ணெய் பிரிந்து மேலே வருவதுதான். கரண்டியார் மேலாக ஒரு கரண்டி அள்ளினார், ஊதினார், குடித்தார். பெரிய அண்டாவுக்கு மேலே ஒரு ருசி, அடியில் ஒரு ருசி. துடுப்பால் கிளறி, அடியிலிருந்து இன்னொரு கரண்டி. உப்புப் போட்டார். கிளறினார். மறுபடி ஒரு கரண்டி. தலையை ஆட்டினார். பிறகு பக்கத்துத் தட்டிலிருந்த ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு மென்றார். ஒரு ருசி நாக்கில் இருக்கும்போது அடுத்த ருசி பிடிபடாது. ரொட்டியால் நாக்கைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்த அண்டாவுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது அண்டா பருப்பு. கரண்டி, கரண்டி, ரொட்டி. மூன்றாவது சூப். கரண்டி, கரண்டி, ரொட்டி. பொரிக்கிற சட்டியிலிருந்து உருளைக்கிழங்கு ஒவ்வொரு ஈடு எடுக்கும்போதும் ஒன்றைக் கடித்து, உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்த்தார். கடித்ததைத் திருப்பிப் போட முடியாது அல்லவா, தின்றார். தேநீர்க் கொதிகலனில் சர்க்கரை சரியா என்று அரைக் குவளை. சேமியா வெந்துகொண்டிருந்த இனிப்புப் பாலில் ஒரு கரண்டி. ரொட்டி. மறுபடி முதல் அண்டா, ஏனென்றால் குழம்பு நிற்க நிற்க உப்பு ஏறும்.

அவள் டப்பாவைக் கத்தி அக்காவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மாலையில் நடக்கக் கிளம்பினவரைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர் சாப்பிடுகிற குழிந்த தட்டை எடுத்து முன்னால் வைத்தாள். ஒரு சட்டி தண்ணீர் வைத்தாள். ஒரு கரண்டியைக் கையில் கொடுத்தாள்.

“முதல் அண்டாவுல எத்தனை கரண்டி ருசி பாத்தீங்களோ, அத்தனையும் இந்தத் தட்டுல ஊத்துங்க.”

அவருக்கு விளங்கவில்லை. ஊற்றினார். மேலே ஒரு கரண்டி, அடியில் ஒரு கரண்டி, உப்புப் போட்டபிறகு ஒன்று. அவள் ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் போட்டாள். அடுத்தது, என்றாள். அவர் பருப்புக்கு ஊற்றினார். அவள் ரொட்டி போட்டாள். சூப்புக்கு ஊற்றினார். காலைச் சமையலைக்கூட இன்னும் எடுக்கவில்லை, மத்தியானச் சமையல் பாதிதான் முடிந்திருந்தது, தட்டு விளிம்பைத் தொட்டுவிட்டது. அவர் கை தானாக இன்னொரு கரண்டி ஊற்றிற்று. தண்ணீர் வழிந்து அவர் வேட்டியை நனைத்தது. ஊறிப்போன ரொட்டித் துண்டுகள் தரையில் இறங்கி ஓடின.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவங்கள கேள்விப்பட்டிருக்கேன்,” என்றாள் மனைவி. “நீங்க சோத்தையே மறைச்சிட்டீங்க. அதுவும் உங்ககிட்டயே.”

“அது ருசி பாக்கறதுடி. சாப்பாடா அது?” என்றார். சொல்லும்போதே அவர் குரல் அவருக்கே கேட்கச் சகிக்கவில்லை. சாப்பாடு என்றால் உட்கார்ந்து, தட்டு வைத்து, பசித்துத் தின்பது. இது வேலை. செருப்புத் தைக்கிறவன் தோலைப் பல்லால் இழுப்பான், அதற்காகத் தோலைத் தின்றான் என்று சொல்வார்களா? இத்தனை வருடமும் அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது. தன் வாயுமா தெரியாமல் போகும்?

தங்கையிடம் அவரே போய்ச் சொன்னார். மறைக்க மனம் வரவில்லை. அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கும், ஆனாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“சின்ன வயசுல எனக்குன்னு அம்மா குடுத்த ரொட்டியை வாங்கி, ருசி பாக்கறேன்னு ஒரு கடி கடிப்பியே, ஞாபகம் இருக்கா? ஒரு கடியிலேயே பாதி போயிடும். அப்பவே உன்ன நம்பியிருக்கக் கூடாது.”

அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் புருஷன் சன்னலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது கரண்டியாரின் தோளில் கை வைத்து எடுத்தார்.

மறுநாளிலிருந்து கரண்டியார் ருசி பார்ப்பதில்லை என்று முடிவு செய்தார். சொல்வது சுலபம். முதலில் வாயில் வைத்துக் குவளையில் துப்பிப் பார்த்தார். மேற்பார்வையாளர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிட்டார். ஆயிரம் பேர் தின்கிற இடத்தில் துப்புவீர்களா, இன்னொரு முறை பார்த்தால் வெளியே போக வேண்டியதுதான் என்றார். அதில் அவர் மேல் குற்றம் இல்லை. பிறகு கத்தி அக்காவின் நாக்கை இரவல் கேட்டார். அவளுக்கு இரத்தக் கொதிப்பு. உப்பில்லாமல் தின்று பழகிய நாக்கு. எதைக் கொடுத்தாலும், ஐயோ கடலைக் கொண்டாந்து ஊத்திட்டீங்களா என்பாள். அவள் பேச்சை நம்பி உப்பைக் குறைத்தார். சாப்பாட்டுக்கூடத்தில் தட்டுகள் தாளம் போட்டன. “கரண்டியாருக்கு மாமியார் வீட்டுல ஏதோ மனக்கசப்பாம், உப்புப் போடறத விட்டுட்டாரு,” என்று ஒருவன் கத்தினான். கூடமே சிரித்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அவருக்குத் தெரியாதா? வாசனையைப் பிடித்துப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், கொதியின் சத்தத்தைக் கேட்டார். காரம் பிடிபட்டது, புளிப்புகூடப் பிடிபட்டது. உப்பு மட்டும் நாக்கைத் தவிர வேறு யாரிடமும் பேசாது.

ஒரு வாரம் பார்த்தார். கை தன்னை மறந்து கரண்டியை வாய்க்குக் கொண்டுபோவதையும் பார்த்தார். சில நேரம் பாதி வழியில் நிறுத்தினார். சில நேரம் நிறுத்துவதற்குள் குடித்துமிருந்தார். நாய்க்குட்டியைக் கட்டிப்போடலாம், கையை எங்கே கட்டுவது?

மேற்பார்வையாளரிடம் போய் நின்றார். என்னைப் பாத்திரம் தேய்க்கிற பக்கம் போட்டுவிடுங்கள் என்றார்.

அந்த ஆள் நம்பவில்லை. தலைமைச் சமையல்காரர், அண்டா கழுவப் போகிறேன் என்கிறார். கரண்டியார் காரணத்தைச் சொன்னார். மேற்பார்வையாளர் வேலைப் பட்டியலை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் திரும்பி வரும்போது இந்த இடம் இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார். சரி என்றார் கரண்டியார். அவர் துடுப்பைப் புதிதாக வந்த ஒருவன் வாங்கிக்கொண்டான்.

பாத்திரம் தேய்க்கிற இடம் சமையற்கூடத்தின் பின்பக்கம். தரை எப்போதும் வழுக்கும். அடிபிடித்த அண்டாவுக்குள் தலையை விட்டு, இரும்பு நாரால் சுரண்ட வேண்டும். தேய்க்கத் தேய்க்க முதுகிலிருந்து வியர்வை ஒழுகும். நடையைவிட இது நல்ல மருந்து என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு அண்டாவும் அவரிடம் புகார் சொன்னது. இன்றைக்குப் பருப்பைத் தீய விட்டிருக்கிறான், இன்றைக்கு வெங்காயம் வதங்கும் முன்னாலேயே தண்ணீர் ஊற்றியிருக்கிறான். சுவரின் அந்தப் பக்கம் குழம்பு கொதிக்கும் வாசனையில் ஏதோ குறைகிறது என்று தெரியும். எழுந்து போய் ஒரு கரண்டி எடுத்தால் என்னவென்று சொல்லிவிடுவார். நாரை அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிவார். “கரண்டியாரே, கரண்டி கழுவறீங்களா?” என்று சாப்பிட வந்தவர்கள் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். முதலில் கேலியாக, பிறகு விஷயம் தெரிந்து, சும்மா பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். கேலியே தேவலை என்றிருந்தது அவருக்கு.

இந்த முறை உடம்பு பேச ஆரம்பித்தது. வேலைக்குப் போடுகிற காற்சட்டை இடுப்பில் தளர்ந்தது. பணிமனைச் சுவர் முடிகிற இடத்தில் முடிதிருத்துகிறவருக்கு மூச்சு வாங்காமல் பதில் சொன்னார். மனைவி பின்தங்க, அவர் முன்னால் நடந்தார். ஒரு நாள் அவர் திரும்பிப் பார்த்தபோது, செருப்பு வார் அறுந்து அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். நின்னா சூடு ஆறிடும், நடங்க, நடங்க என்றாள்.

தங்கை வீட்டுக்குப் போவதும் ஆஸ்பத்திரிக்கு வருவதுமாக இருந்தாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்து வந்தாள். இவர் இளைக்க இளைக்க அவளும் இளைத்தாள். ஒருவரை ஒருவர் துரத்துவதுபோல இருந்தது. “போட்டி போடாதேடி,” என்றார் ஒரு நாள். “நீ மெதுவா ஓடு, நான் வந்துடறேன்,” என்றாள் அவள்.

மூன்றாவது ஸ்கேனில் டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தார். நன்றாக இறங்கியிருக்கிறது, எடுக்கலாம் என்றார். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை அண்டா தேய்த்திருப்பார். கை இரண்டையும் கூப்பினார். மனைவி அவர் முதுகுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்ற பரிசோதனைகளை முடித்து அறுவைக்கு நாளும் குறித்தார்கள்.

குறித்த நாளுக்கு முன்பே தங்கைக்குக் குளிர் கண்டது. வயிற்றுத் தண்ணீரில் கிருமி புகுந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஆளைச் சரியாகத் தெரியாமல் பேசினாள். தன் புருஷனிடமே டிக்கெட் கேட்டாள்.

டாக்டரம்மா கரண்டியாரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. அவங்க பக்கம் கிருமி அடங்கற வரைக்கும் கத்தி வைக்க முடியாது. வச்சா மேசையிலேயே போயிடும்.”

“எப்ப அடங்கும்?”

“தெரியாது. மருந்துக்குக் கேக்கலாம், கேக்காமலும் போகலாம்.”

“நான் என்ன செய்யணும்?”

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். “இப்படியே வச்சிருங்க. அவ்வளவுதான்.”

இப்படியே வச்சிருங்க. கரண்டியார் அதை நடைக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். சமைத்து இறக்கி, தட்டுக் கழுவி, பந்தி போட்டுக் காத்திருக்கிறவனிடம், ஆறாமல் இப்படியே வைத்திரு, ஆள் வருகிறதா இல்லையா தெரியாது என்று சொன்னால் அவன் எதை மூடுவான், எதைத் திறப்பான்? தாமதமான அந்த ஒன்றரை மாதம் அவர் கண்முன் வந்து வந்து நின்றது. கரண்டி, கரண்டி, ரொட்டி. இரண்டாவது ஸ்கேனிலேயே இறங்கியிருந்தால்? இதை யாரிடமும் கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டால் அப்படியெல்லாம் சொல்ல முடியாது என்பார். தங்கையின் புருஷனிடம் கேட்டால் யோசித்துவிட்டு இல்லை என்பார். இரண்டும் அவருக்கு வேண்டாம்.

சில நாளில் தங்கைக்குப் புத்தி தெளிந்தது. காய்ச்சல் மட்டும் போகாமல் வந்து வந்து எட்டிப் பார்த்தது. தொண்டையில் எதுவும் இறங்கவில்லை, நீ செய்ததென்றால் கொஞ்சம் குடிப்பேன் என்றாள். கரண்டியார் வீட்டில் காய்கறி சூப் வைத்தார். அவளுக்கு உப்பு ஆகாது, உப்புச் சேர்ந்தால் வயிற்றில் தண்ணீர் கோக்கும். அதனால் உப்புப் போடவில்லை. கேரட்டை நன்றாகக் குழைய விட்டு, மிளகை நசுக்கிப் போட்டு, வாசனையை மட்டும் பார்த்து இறக்கினார். வாயில் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று கைக்குத் தோன்றவே இல்லை.

ஆஸ்பத்திரியில் வெளிச்சம் இறங்குகிற நேரம். தலையணையைச் சாய்த்து உட்கார வைத்து, கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“ருசி பாத்தியா?”

“இல்ல.”

“நீ பாக்காம நான் எப்பக் குடிச்சிருக்கேன்? பாரு.”

“வேணாம்டி. விட்டுட்டேன் அதெல்லாம்.”

“ஒரு கரண்டிதானே. என் பங்குல இருந்துதான் எடுக்கறே.”

உப்பும் எண்ணெயும் இல்லாத காய்த் தண்ணீர், ஒரு கரண்டியால் ஒன்றும் ஆகிவிடாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு முறை கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டார். கரண்டியைத் திருப்பித் தன் உதட்டில் வைத்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு சமையலின் ருசி நாக்கில் விழுந்தது. சப்பென்று இருந்தது. மிளகு ஓரமாக வந்து போனது. அவ்வளவுதான்.

“எப்படி?”

“எல்லாம் சரியா இருக்கு,” என்றார். “உப்புகூட.”

“பொய்யன்,” என்றாள். கண்ணில் மஞ்சளுக்கு நடுவே பழைய பிள்ளை எட்டிப் பார்த்தாள். இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவதைக் கையால் தள்ளிவிட்டு, அப்புறம் என்று கண்ணை மூடினாள். நெற்றி சுட்டது. அவர் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பஸ்ஸைப் பணிமனையில் விட்டுவிட்டு அவள் புருஷன் வந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கரண்டியார் கிண்ணத்தை நீட்டினார். அவர் நின்றபடியே குடித்தார். பாதியில் நிறுத்தினார்.

“உப்பே இல்ல, மச்சான்.”

“ஆமா.”

மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தார். இருவரும் தூங்குகிறவளைப் பார்த்தார்கள். காய்ச்சல் எப்படி என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

“இன்னிக்கு நடந்தீங்களா?” என்று கேட்டார் தங்கையின் புருஷன்.

இல்லை என்றார் கரண்டியார்.

“போய் நடந்துட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்.”

கரண்டியார் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். ஆஸ்பத்திரிக் கட்டடத்தைச் சுற்றி சிமெண்ட் பாதை ஒன்று போனது. ஆம்புலன்ஸ் நிற்கிற இடம், சமையற்கூடத்துப் புகைபோக்கி, துணி காயப்போடுகிற கம்பி, பிறகு தங்கை படுத்திருக்கிற அறையின் சன்னல். முதல் சுற்றில் சன்னலில் விளக்கு எரியவில்லை. அடுத்த சுற்றில் எரிந்தது. யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள் என்று கீழேயிருந்து தெரியவில்லை. நின்று பார்க்கலாமா என்று நினைத்தார். நின்றால் சூடு ஆறிவிடும். நடந்தார்.